'வந்தேறி' என்றால் என்ன தவறு? – கேள்வி பதில்

குடியேறி வந்தவர்கள் மீதான வெறுப்புப் பேச்சு பற்றி வந்த கேள்விகள் இவை. செய்தி மொழிபெயர்ப்பில் நெடுநாள் இருந்தவன் என்பதால் சொல்லைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். தயவுசெய்து வசைப் படங்களை இணைத்து அனுப்பாதீர்கள்.

கே: கோபப் பேச்சையும் வெறுப்புப் பேச்சையும் எப்படிப் பிரிப்பது?

ப: வெறுப்பைத் தூண்டும் பேச்சு பற்றிய ஐ.நா.வின் ரபாத் செயல் திட்டம் (2012) ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், எத்தனை பேரை எட்டியது, தீங்கு நேரும் வாய்ப்பு. நான் முதலில் பார்ப்பது செல்வாக்கை. பேருந்தில் ஒருவர் முணுமுணுப்பதும் மைக் பிடித்தவர் முழங்குவதும் ஒன்றல்ல.

கே: கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இல்லையா?

ப: இருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு. அடுத்த பிரிவையும் படியுங்கள். பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ தூண்டும் தேசிய, இன, மத வெறுப்பைச் சட்டத்தால் தடுக்கச் சொல்வது அந்த 20தான்.

கே: வந்து ஏறியவன் வந்தேறி. இலக்கணப்படி சரிதானே?

ப: இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் நம் பிள்ளைகள் டொரண்டோவுக்குப் போனால் 'புலம்பெயர்ந்தோர்', நம்மிடம் வருபவர் மட்டும் 'வந்தேறி'. இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள்தான். தன்னை வந்தேறி என்று அறிமுகம் செய்துகொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

கே (அதே நண்பர்): ஒரு சொல்லில் என்ன சார் இருக்கிறது? உணர்ச்சிவசப்படுகிறீர்கள்.

ப: சரி, 'கள்ளத்தோணி'யை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மலையகத் தமிழரைக் குத்திய சொல். அதைச் சொன்னவர்களில் தமிழ் பேசுவோரும் உண்டு. மலையகத்தாரின் முன்னோர் பிரிட்டிஷ் ஆட்சியில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் கங்காணிகளால் (கூலிக்கு ஆள் சேர்த்த மேஸ்திரிகள்) கொண்டுபோகப்பட்டவர்கள். இதில் கள்ளம் எங்கே? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களும் பாதிப் பாதி. சாமான் பிரிப்பது மாதிரி. சொல்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. ஒருவனைக் கள்ளன் என்று வாய் பழகிவிட்டால், அவன் ஓட்டு பறிபோகும் அன்று பக்கத்து வீட்டுக்காரன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கே (இன்னொருவர்): அப்படியானால் 'சட்டவிரோதக் குடியேறி' என்றும் எழுதக் கூடாதா?

ப: செயல் சட்டவிரோதமாகலாம், ஆள் எப்படி ஆவான்? ஐ.நா. பொதுச்சபை தன் ஆவணங்களில் 'ஆவணமற்ற' என்ற சொல்லைக் கையாளும்படி 1975இலேயே கேட்டுக்கொண்டது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், ஆளைச் 'சட்டவிரோத' என்று எழுத வேண்டாம் என 2013இல் தன் நடைக்கையேட்டை மாற்றியது. 'உரிய ஆவணமின்றி நுழைந்தவர்' என்று எழுதுங்கள். தலைப்பு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

கே: பேச்சுரிமை என்னவாகிறது?

ப: 20. மேலே பாருங்கள்.

கே: தலைவர்கள் நேரடியாகத் திட்டுவதில்லையே?

ப: அடுத்தவர் வாயால் பேசுவார்கள். 1968 ஏப்ரல் 20, பர்மிங்காமில் குடியேற்றத்தை எதிர்த்துப் பேசிய பிரிட்டிஷ் எம்.பி. ஈனோக் பவல் செய்தது அதுதான். தொகுதிக்காரர் ஒருவர் தன்னிடம் சொன்னார் என்றார். ஒரு மூதாட்டி படும் பாட்டைப் பற்றிக் கடிதம் வந்தது என்றார். மூதாட்டியின் பெயரைச் சொல்லவில்லை. மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் பவலை எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். லண்டன் துறைமுகத் தொழிலாளர்களோ அவருக்காக ஊர்வலம் போனார்கள். 'மக்கள் சொல்கிறார்கள்' என்று ஒருவர் ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஒரு மோசமான வீடியோ வந்திருக்கிறது. எல்லாருக்கும் அனுப்பி எச்சரிக்கட்டுமா?

ப: வேண்டாம். இணைய முகவரி, தேதி, நேரம் குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதும், கொன்றவன் படகில் வந்த அகதி என்று பரவியது. அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவன். அந்த உண்மை எல்லாரையும் எட்டுவதற்குள் மசூதி மேல் கல் விழுந்துவிட்டது.

கே: என் விசா மனு நிராகரிக்கப்பட்டது. இனவெறிதான் காரணமா?

ப: என் துறையில்லை. குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

கே: சுதந்திர நாட்டில் வாயைத் திறந்து...

ப: 20, 20, 20.

கே (வந்தேறி நண்பர்): சரி சார், இனி 'குடியேறியவர்' என்றே எழுதுகிறேன். ஆனால் மனசுக்குள் வந்தேறிதான்.

ப: மனசுக்குள் இருக்கட்டும். 20ஆவது பிரிவு அங்கே வராது.