மலையிலிருந்து பதில்கள்: கட்டை, காகிதக் கிரீடம், கோதுமை

கே: கொடைக்கானல் பேக்கரி ஒன்றில் மரக்கட்டை மாதிரியே ஒரு சாக்லேட் கேக் விற்றார்கள். பிரெஞ்சு கேக்காம். கேக்கை எதற்குக் கட்டை மாதிரி செய்ய வேண்டும்?
– வாசகி, நாயுடுபுரம்

முதலில் அது நிஜக் கட்டைதான். பிரான்ஸ் கிராமங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கணப்பில் பெரிய கட்டையாகப் பார்த்து வைப்பார்கள், எவ்வளவு நேரம் அணையாமல் எரிகிறதோ அவ்வளவு நல்லது என்று. மிஞ்சிய கரித்துண்டைக்கூட எறிய மாட்டார்கள், இடி விழாமல் காக்கும் என்று எடுத்து வைப்பார்கள். தெற்கே ப்ரொவான்ஸ் பக்கம் காய்க்கிற மரத்துக் கட்டைதான் வேண்டும். வீட்டிலேயே மூத்தவரும் கடைக்குட்டியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மேசையை மூன்று தடவை சுற்றி வந்து, அதன்மேல் ஒயின் ஊற்றி, அப்புறம்தான் நெருப்பில் வைப்பார்கள். நம் ஊர் என்றால் பட்டுப்போன பேரிக்காய் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஜனவரி மாதம் ஈர விறகோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, காய்ந்த கட்டைக்கு இந்த மரியாதை நியாயமாகத்தான் படுகிறது.) வீட்டில் கணப்பே இல்லாமல் போன பிறகு கட்டைக்கு ஏது இடம்? கேக்காகி மேசைக்கு ஏறிவிட்டது.

ஆனால் கேக்கைவிட அன்றைய சாப்பாடுதான் விசேஷம். ப்ரொவான்ஸில் அந்த ராத்திரி கறி கிடையாது. மேசைமேல் மூன்று வெள்ளை விரிப்பு, மூன்று மெழுகுவத்தி. உப்பு போட்ட மீன், கீரைத்தண்டு, அப்புறம் ஒரு பூண்டு சூப்: பூண்டையும் சேஜ் இலையையும் கொதிக்கவிட்டு, ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டித் துண்டின்மேல் ஊற்றுவது. பூம்பாறை மலைப்பூண்டில் நானே செய்து பார்த்தேன், ரசத்துக்குத் தங்கச்சி முறை. கடைசியில் 13 இனிப்பு, இயேசுவுக்கும் 12 சீடர்களுக்கும் சேர்த்து. ஜாங்கிரி, மைசூர்பாகு என்று நினைத்துவிடாதீர்கள், காய்ந்த அத்தி, பாதாம், உலர் திராட்சை, வால்நட் என்று பாதி தோட்டத்துச் சரக்குதான். அதில் ஒன்றான எண்ணெய் ரொட்டியைக் கத்தி வைத்து வெட்டக்கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும், வெட்டினால் வருஷம் முழுக்கக் கையில் காசு தங்காது. சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைப்பதும் இல்லை. விரிப்பின் நான்கு மூலையையும் மடித்துவிட்டு, சிந்திய துணுக்கையெல்லாம் செத்துப்போன பெரியவர்களுக்கு விட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். அமாவாசைக்குப் படையல் வைக்கிற வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

கே: பிரான்ஸில் இருக்கும் என் மகள் அனுப்பிய போட்டோவில் மருமகன் தலையில் காகிதக் கிரீடம், தட்டில் வட்டமாக ஒரு பண்டம். என்ன கூத்து இது?
– வாசகி, பண்ணைக்காடு

கவலையே வேண்டாம் அம்மா, மருமகன் அன்றைக்கு ராஜா. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி ‘கலெத்’ என்று ஒன்று சுடுவார்கள். வடக்கே பாதாம் பூரணம் வைத்த பஃப்ஸ் மாதிரி, தெற்கே சர்க்கரைப் பழம் பதித்த வளைய ரொட்டி. உள்ளே முன்பெல்லாம் ஒரு மொச்சைக்கொட்டை வைத்தார்கள், இப்போது பீங்கான் பொம்மை. வீட்டில் சின்னவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான், மேலே ஒருவர் ஒவ்வொரு துண்டாகக் காட்டி “இது யாருக்கு?” என்று கேட்க, அவன் கீழேயிருந்து பெயரைக் கத்துவான். பார்க்காமல் சொல்வதால் ஓரவஞ்சனை கிடையாது. யார் துண்டில் பொம்மையோ அவருக்குக் கிரீடம். பழைய வழக்கப்படி ஒரு துண்டு கூடுதலாகவே வெட்டுவார்கள், ‘ஏழையின் பங்கு’ என்று. கதவைத் தட்டி வருகிறவருக்கு. எனக்கு இதில் பிடித்ததே அந்தத் துண்டுதான்.

பாண்டிச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் நானும் ராஜாவானேன். விஷயம் தெரியாமல் நறுக்கென்று கடித்ததில் கடைவாய்ப்பல் ஓரம் பெயர்ந்து வந்தது. மருமகனை மெதுவாக மெல்லச் சொல்லுங்கள்.

கே: முளைப்பாரி நம் ஊரில் மட்டும்தானா?
– வாசகர், மன்னவனூர்

இல்லை. அதே ப்ரொவான்ஸில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று மூன்று சிறு தட்டில் ஈரப் பஞ்சு பரப்பிக் கோதுமை தூவுவார்கள். கிறிஸ்துமஸுக்குள் பச்சையாக, நிமிர்ந்து நின்றால் அடுத்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும். நாம் ஆற்றில் கரைக்கிறோம், அவர்கள் பண்டிகை முடிந்ததும் தோட்டத்தில் நட்டுவிடுகிறார்கள். செய்து பார்ப்பதென்றால் தட்டை அடுப்புப் பக்கம் வையுங்கள், உங்கள் ஊர் உறைபனிக்கு ஜன்னலோரம் வைத்தால் பொங்கலுக்குத்தான் முளைக்கும்.