கொரியத் தொடர்க் காதல்: கேட்டதும் சொன்னதும்

பதினைந்து வருடமாகக் கொரியத் தொடர்கள் பார்க்கிறேன். அதில் வரும் காதலைப் பற்றியும் பாத்திரங்களைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். முடிவுகளைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. ‘ரிப்ளை 1988’, ‘மை மிஸ்டர்’ இரண்டையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா, இதுவரை ஒரு கொரியத் தொடர்கூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’ பாரம்மா. 2019 டிசம்பரில் தொடங்கிய தொடர், மொத்தம் 16 எபிசோடு. பாராகிளைடரில் பறந்த தென்கொரியப் பணக்காரப் பெண் புயலில் சிக்கி வடகொரியப் பக்கம் விழுகிறாள், அங்கே ஒரு ராணுவ அதிகாரி அவளைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறான். காதலுக்குத் தடை என்ன என்று யாரும் விளக்க வேண்டாம், எல்லைக்கோடே நடுவில் நிற்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், எந்தத் தொடரையும் முதல் இரண்டு எபிசோடை வைத்து எடைபோடாதே. ஆளை அறிமுகப்படுத்தவே அவர்களுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

‘ஓப்பா’ என்றால் அண்ணன் என்கிறார்கள். காதலனையும் ஓப்பா என்றே கூப்பிடுகிறாளே? எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. (ஒரு வாசகர்)

நல்ல கேள்வி. நமக்கு ஒட்டாதது நியாயம்தான். நம் ஊரில் ஒருத்தி ‘அண்ணா’ என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது. கொரிய மொழியில் அப்படி இல்லை. பெண் தன்னைவிட மூத்த ஆணைக் கூப்பிட்டால் ஓப்பா, மூத்த பெண்ணைக் கூப்பிட்டால் ஒன்னி. ஆண் மூத்த பெண்ணைக் கூப்பிட்டால் நூனா, மூத்த ஆணைக் கூப்பிட்டால் ஹ்யோங். கூடப் பிறந்தவர்களுக்கும் இதே சொல்தான், நெருங்கிய மற்றவர்களுக்கும் இதே சொல்தான். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாத சமூகத்தில் காதலுக்கும் அந்தச் சொல்லே வாசல் ஆகிவிட்டது. நாம் ‘அத்தான்’, ‘மாமா’ என்கிறோமே, முறைச்சொல்லே ஆசைச்சொல்லாக மாறுவது நமக்கும் புதிதில்லை. எந்த முறைச்சொல் என்பதில்தான் வேறுபாடு.

அதனால்தான் தமிழ் டப்பிங்கில் ஓப்பாவை ‘அண்ணா’ என்று போட்டால் காட்சியே கெட்டுவிடுகிறது. ‘என்னங்க’ என்றோ, பேர் சொல்லியோ போடலாம். ‘ஓப்பா’ என்றே விட்டாலும் நம் ஆட்களுக்குப் புரியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு, சாதாரணப் பேச்சு என்று இரண்டு இருக்கிறது, நம் ‘நீங்க’, ‘நீ’ போல. பழகிய இருவர் ஒருநாள் ‘இனி மரியாதைப் பேச்சு வேண்டாமே’ என்று பேசி முடிவு செய்வார்கள். சில தொடர்களில் முத்தத்தைவிடப் பெரிய காட்சி அதுதான். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும், கவனிக்காமல் கடந்துவிடுவீர்கள். தமிழில் அதை அப்படியே கொண்டுவர முடியும். தமிழ் வசனம் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ‘நீங்க’ எந்த இடத்தில் ‘நீ’ ஆகிறது என்பதைத் தவறவிடாதீர்கள்.

நூனா காதலுக்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 2018இல் வந்த ‘சம்திங் இன் தி ரெயின்’. கொரியத் தலைப்பின் பொருள் ‘அடிக்கடி சாப்பாடு வாங்கித் தரும் அழகான நூனா’. உறவு, வயது, பாசம் மூன்றும் தலைப்பிலேயே இருக்கின்றன.

ஹீரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்தான் எனக்குப் பிடிக்கும். இப்போது அந்த மாதிரி தொடரே வருவதில்லையே ஏன்?

வருவது குறைந்ததில் எனக்கு நிம்மதி. 2009இல் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’, 2013இல் ‘தி எய்ர்ஸ்’ இரண்டிலும் நாயகியின் மணிக்கட்டு பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. முதலில் சொன்னதில் நாயகன் பள்ளிக்கூடத்தையே ஏவி அவளைக் கொடுமைப்படுத்துகிறான், அப்புறம் காதலிக்கிறான். அந்த வயதில் நானும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் கையைப் பிடித்து இழுப்பது காதல் இல்லை. அவள் ‘விடு’ என்று சொன்ன பிறகும் விடாதவன், நாளைக்கு வேறு எதையும் விடமாட்டான்.

‘க்ராஷ் லேண்டிங்’கில் சந்தைக் காட்சியைப் பாருங்கள். கூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கிறாள் நாயகி சே-ரி. முன்பு ஒருமுறை அவள் வாசனை மெழுகுவத்தி கேட்டிருப்பாள், அந்த ராணுவ அதிகாரி சாதாரண மெழுகுவத்தியைக் கொண்டுவந்து தந்திருப்பான். இப்போது அதே ஆள் வாசனை மெழுகுவத்தியை ஏற்றித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நிற்கிறான். அவளை இழுக்கவில்லை, இருக்கும் இடத்தைக் காட்டுகிறான், அவ்வளவுதான். அவள் கேட்டதை அவன் மறக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. பத்துத் தொடரின் மணிக்கட்டு இழுப்பையும் அந்த ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாகத் தரமாட்டேன்.

‘க்ராஷ் லேண்டிங்’ ஜோடி ஹ்யுன் பின், சோன் யே-ஜின் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்களா? வேறு யார் யார் காதலிக்கிறார்கள்?

2022 மார்ச்சில் செய்துகொண்டார்கள். மற்ற நடிகர்களின் சொந்த வாழ்க்கை பற்றி நான் பேசுவதில்லை.

எதில் தொடங்கலாம் அக்கா?

மேலே முதல் கேள்வியைப் பாருங்கள்.

‘ரிப்ளை 1988’ முடிவு அநியாயம். டொக்-சன் டேக்கைக் கட்டாமல் ஜங்-ஹ்வானைத்தான் கட்டியிருக்க வேண்டும். உங்கள் கருத்து? (மதுரை வாசகி)

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். சரி, உட்கார்ந்து பேசுவோம்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: சோல் நகரில் ஒரே தெருவில் வளரும் ஐந்து நண்பர்களின் கதை அது; டொக்-சன், ஜங்-ஹ்வான், டேக், சுன்-வூ, டோங்-ரியோங். முதலில் டொக்-சன் யார்? வீட்டில் நடுப்பிள்ளை. அக்கா படிப்பாளி, தம்பி கடைக்குட்டி. அக்காவின் பிறந்தநாள் கேக்கிலேயே இவளுக்கும் பாட்டுப் பாடி முடித்துவிடுவார்கள். முட்டை பொரித்தால் மற்ற இருவருக்குத்தான். பள்ளியில் 999ஆவது ரேங்க். சோல் ஒலிம்பிக்கில் மடகாஸ்கர் அணிக்குப் பலகை ஏந்த மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறாள், அந்த நாடு வரவேயில்லை. கடைசியில் உகாண்டாவின் பலகை கிடைக்கிறது. முதலில் கிடைக்க வேண்டியது எதுவும் இவளுக்கு முதலில் கிடைத்ததில்லை. முதல் எபிசோடே இதைத்தான் சொல்கிறது.

இப்படி ஒருத்திக்கு என்ன தேவை? ‘எனக்கு நீதான் முதலில்’ என்று யாராவது நடந்து காட்ட வேண்டும். ஜங்-ஹ்வான் அவளை நேசித்தான், சந்தேகமே இல்லை. பேருந்தில் கூட்டம் இடிக்காமல் கையால் அணைகட்டி நின்றான். அவள் படித்துவிட்டு வரும்வரை தூங்காமல் காத்திருந்தான். ஆனால் இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும், ஏனென்றால் கேமரா நமக்குக் காட்டியது. டேக் என்ன செய்தான்? இசை நிகழ்ச்சிக்கு அவள் தனியாகப் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும் தன் பதுக் (கல் வைத்து ஆடும் பலகை விளையாட்டு) ஆட்டத்தையே கைவிட்டு ஓடிவந்தான். அந்த விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளை அவன். ஜங்-ஹ்வானும் காரில் விரைந்தான், வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஆனால் அவனே ஒத்துக்கொள்கிறான், தாமதத்துக்குக் காரணம் விளக்கு இல்லை, தன் தயக்கம்தான் என்று.

ஒத்துக்கொள்ளமாட்டேன் அக்கா. டேக்குக்காகத்தானே ஜங்-ஹ்வான் விலகினான்? நண்பனுக்காக விட்டுக்கொடுத்தது தப்பா? (அதே வாசகி)

தப்பு இல்லை, உயர்ந்த குணம்தான். ஆனால் டேக்கும் அதையே செய்தான் என்பதை மறந்துவிட்டீர்கள். ஜங்-ஹ்வானின் பர்ஸில் டொக்-சன் படத்தைப் பார்த்த அன்று, அவளோடு சினிமாவுக்குப் போவதாக இருந்ததை டேக் ரத்து செய்தான். இருவருமே விட்டுக்கொடுத்தார்கள். அவளைக் கேட்காமல் விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அவள் என்ன, தெருப்பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளும் பம்பரமா? டோங்-ரியோங் ஒருவன்தான் சரியான கேள்வியைக் கேட்டான்: உன்னை யார் விரும்புகிறார்கள் என்பது இருக்கட்டும், நீ யாரை விரும்புகிறாய்? அதுவரை அவள் அடுத்தவர் சொல்லித்தான் முதலில் சுன்-வூவையும், பிறகு ஜங்-ஹ்வானையும் நினைத்தாள்.

கதாசிரியர் ஏமாற்றினார் என்பதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலத்தில் வரும் கணவன் பேசுவது, சீண்டுவது எல்லாம் ஜங்-ஹ்வான் மாதிரியே இருந்ததே! (கோவையிலிருந்து ஒருவர்)

இதை முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். ‘கணவன் யார்’ என்று கண்டுபிடிக்க வைப்பது அந்த வரிசைத் தொடர்களின் வழக்கம், ‘ரிப்ளை 1997’, ‘ரிப்ளை 1994’ இரண்டிலும் உண்டு. ஆனால் 1988இல் முதல் பாதி முழுக்க ஜங்-ஹ்வானின் கண் வழியாகவே நம்மைப் பார்க்க வைத்துவிட்டு, டேக்கின் மனத்தைப் பூட்டியே வைத்திருந்தார்கள். நிகழ்காலக் கணவனிடம் டேக்கின் சாயலே இல்லை. அது நேர்மையான எழுத்து இல்லை. முடிவு சரி, அங்கே கொண்டுபோன வழி சரியில்லை.

அப்படியானால் அந்த மோதிரக் காட்சி எதற்கு? அழுதுகொண்டே பார்த்தேன். (மதுரை வாசகி, மூன்றாம் முறை)

நானும் அழுதேன். ஜங்-ஹ்வான் விமானப்படை உடையில் உட்கார்ந்து, இத்தனை வருடமாக வைத்திருந்ததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டு, நண்பர்கள் பார்க்கும்போது விளையாட்டு என்று சிரித்துவிடுகிறான். மோதிரம் மேசையிலேயே கிடக்கிறது. அந்தக் காட்சி அவனுக்கானது, அவளுக்கானது இல்லை. அவன் பாரத்தை இறக்கி வைக்கிறான். அந்த ஐந்து நிமிடத்தில் டொக்-சன் முகத்தைப் பாருங்கள், ஒரு சொல் இல்லை. அவளுக்கு அது எவ்வளவு தாமதம் என்று அந்த முகம் சொல்கிறது. இதற்குமேல் இதில் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை தங்கச்சி. உங்களுக்கு ஜங்-ஹ்வான் பிடித்திருப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

‘ஸ்டார்ட்-அப்’ ஜி-ப்யோங்குக்கும் இதே தீர்ப்புதானா?

ஆமாம். நாயகிக்குக் கடிதம் எழுதியது அவன்தான், ஆனால் அடுத்தவன் பேரில் எழுதினான். அவனுக்காக மனம் கனக்கிறது, அவள் முடிவு சரி.

‘கோப்ளின்’ நாயகனுக்கு 939 வயது, நாயகி பள்ளி மாணவி. இதை எப்படி ரசிக்கிறார்கள்?

எனக்கும் அந்த நெருடல் உண்டு. புராணக் கதை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. சீருடையில் இருக்கும் பெண்ணை வளர்ந்த ஆணோடு நிறுத்துகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய தொடர்களில் சொல்லும் வயது கொரியக் கணக்கு. பிறந்தவுடன் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். அவள் பத்தொன்பது என்றால் நம் கணக்கில் பதினேழோ பதினெட்டோ. 2023 ஜூனில்தான் சட்டப்படி உலகக் கணக்குக்கு மாறினார்கள். காதல் தொடரில் வயது சொன்னால் ஒன்றிரண்டு கழித்துப் பாருங்கள்.

முதல்முறை பார்க்கிறேன், ஒரு நல்ல தொடர் சொல்லுங்கள்.

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. கேட்கும்முன் மேலே இருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள்.

சீனத் தொடர்களில் எது நல்ல காதல்?

சீனத் தொடர்கள் தொடர்ந்து பார்ப்பவரிடம் கேளுங்கள். நான் அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

‘மை மிஸ்டர்’ காதல் கதையா இல்லையா? வீட்டில் ஒரே விவாதம். (யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்)

காதல் என்ற சொல் அதற்குச் சின்னதாக இருக்கிறது. 2018இல் வந்தது. நடுத்தர வயதுக் கட்டடப் பொறியாளர் டோங்-ஹூன், அவர் அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் ஜி-ஆன். அவள் பணத்துக்காக அவர் போனை ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறாள். நாளெல்லாம் அவர் பெருமூச்சையும் காலடிச் சத்தத்தையும் கேட்டுக் கேட்டு, வெளியே யாருக்கும் தெரியாத அவர் துக்கம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் பக்கம் அது காதலாகவே இருக்கிறது, அவளே சொல்கிறாள். அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை, அவளைக் கேவலப்படுத்தவும் இல்லை. அவளுடைய கடந்த காலம் தெரிந்த பிறகும் அவள் பக்கம் நின்றார்.

ஜி-ஆன் என்ற பேருக்கு நிம்மதியை அடைவது என்று பொருள். கடைசியில் அவர் மனத்துக்குள் கேட்பதும் அதுதான், நிம்மதியை அடைந்துவிட்டாயா என்று. ஒருவரை ஒருவர் அடைந்தார்களா என்று அந்தத் தொடர் கேட்கவே இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு கட்சியுமே தோற்கவில்லை என்று சொல்லுங்கள்.

எதில் தொடங்க…

மேலே இருக்கிறது.

என் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. என்னோடு சேர்ந்து பார்க்க ஆசைப்படுகிறார். சப்டைட்டில் வேகமாகப் படிக்க வராது. எதைப் போடட்டும் அக்கா? (சேலத்திலிருந்து ஒரு மகள்)

இதற்கு மட்டும் எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்வேன். ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ போடுங்கள். 2025 மார்ச்சில் வந்தது, 16 எபிசோடு. ஜேஜு தீவில் ஏ-சன், குவான்-சிக் இருவரின் முழு வாழ்க்கை. கொரியத் தலைப்பு ஜேஜு வட்டார வழக்கு, ‘மிகவும் பாடுபட்டுவிட்டீர்கள்’ என்று பெரியவர்களிடம் நன்றியாகச் சொல்வது. உங்கள் அம்மாவுக்கு முதலில் இந்தப் பொருளைச் சொல்லிவிடுங்கள்.

சின்ன வயதில் சந்தையில் அவள் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள், அவன் அவளுடைய முட்டைக்கோஸைச் சேர்த்து விற்றுக்கொடுப்பான். கல்யாணத்துக்குப் பிறகு, ஆண்கள் ஒரு மேசை, பெண்கள் ஒரு மேசை என்று பிரித்துப் போட்டிருக்கும் வீட்டில், அவன் பெரியவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து மனைவியோடு சாப்பிடுவான். ஒரு வசனமும் தேவைப்படாத காட்சி. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிட்டே பழகிய அம்மாக்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

சப்டைட்டிலை நீங்களே வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள், நான் என் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். கொரிய மொழியிலும் அப்பா ‘அப்பா’தான், அம்மா ‘ஒம்மா’. இரண்டு எபிசோடு போனால் அந்தச் சொற்களை அவரே பிடித்துக்கொள்வார். ஒன்று மட்டும் கவனம்: நடுவில் ஒரு குழந்தை இறக்கும் எபிசோடு வருகிறது. அம்மா அப்படி ஏதாவது இழப்பைப் பார்த்தவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அவரைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.