கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால்தான் வெயில் அதிகமா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு. மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம். அதாவது நாம் மார்கழிப் பனியில் போர்வைக்குள் சுருண்டிருக்கும் நாட்களில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளை "அப்போ வெயிலுக்கு என்ன காரணம்?" என்று கேட்கும். அங்கேதான் நிதானமாக விளக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டும் ஒரு சிறு குழுவில் நான் இருக்கிறேன். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கும் படத்தைப் பிள்ளைகள் அழகாக வரைந்துவிடுவார்கள். ஜூன் மாத மத்தியானத்தில் உன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் விழிப்பார்கள். அதனால் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சியை நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு கிடைத்தால் செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்துவிடலாம்.

நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் அந்த ஊரின் நண்பகல். கடிகாரம் அப்போது சரியாக 12 காட்டாது. சென்னையில் டிசம்பர் 21 வாக்கில் அந்தக் குட்டை நிழலே 74 செ.மீ. இருக்கும், வடக்கே விழும். மார்ச் 21இல் 23 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இருக்காது, சூரியன் நேர் உச்சியில். கன்னியாகுமரியில் அந்த நாள் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். ஜூன் 21இல் சென்னையில் மறுபடி 18 செ.மீ. நிழல், ஆனால் தெற்கே! ஆகஸ்ட் 18 வாக்கில் இரண்டாம் முறையாக நிழலில்லா நாள். டெல்லிக்கு இந்த அனுபவமே கிடையாது, சூரியன் நேர் உச்சிக்கு வரும் வடக்கு எல்லையான கடகரேகைக்கும் வடக்கே அது இருக்கிறது.

இப்போது ஒரு டார்ச்சை எடுத்து நேராகத் தரையில் அடியுங்கள், பிறகு சாய்த்து அடியுங்கள். சாய்த்தால் அதே வெளிச்சம் பெரிய இடத்தில் பரவும். சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால், உச்சியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு இடத்துக்கு அந்த வெயில் பங்காகிவிடும். லண்டனில் டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 15 டிகிரிக்குத்தான் ஏறும், பகலும் 8 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குளிராமல் என்ன செய்யும்? சென்னையிலோ அதே நாளில் 53 டிகிரி. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால்தான் நமக்குப் பெரிய குளிர்காலம் இல்லை. ஆகஸ்டிலும் சூரியன் நம் உச்சிக்கு வந்தும் மே மாதம்போல் கொளுத்தாததற்கு மேகமும் மழையும் காரணம். வசந்தம், இலையுதிர்காலம் என்று நான்காகப் பிரிக்கும் படம் நம்மைவிட வெகு வடக்கே வாழ்பவர்களுக்குப் பொருந்துவது. இதைப் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பமும் வரும். பூமி ஜூனில் ஒரு பக்கமும் டிசம்பரில் மறுபக்கமும் தலையாட்டிப் பொம்மைபோல் சாய்கிறது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்குத் துருவ நட்சத்திரத்தைக் காட்டுங்கள், பூமியின் அச்சின் வடமுனை அதை நோக்கித்தான் இருக்கிறது. சென்னையில் அது வடக்கே 13 டிகிரி உயரத்தில் தெரியும், நீட்டிய கையின் முஷ்டியைவிடச் சற்று மேலே. கடற்கரையில் மூட்டம் மறைத்துவிடும், மலையூரிலோ திறந்த வயல்வெளியிலோ பாருங்கள். ஜனவரியில் பார்த்தாலும் மே மாதம் பார்த்தாலும் அதே இடம். அச்சு திசை மாறுவதில்லை. பூமிதான் சூரியனின் மறுபக்கத்துக்குப் போயிருக்கிறது. அதனால்தான் ஜூனில் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும் நம் வடபாதி, டிசம்பரில் விலகிச் சாய்ந்திருக்கிறது.

அப்படிப் போனதற்குச் சாட்சி கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். திருக்கார்த்திகையன்று முழுநிலா அதன் அருகே நிற்கும், இரவெல்லாம் பார்க்கலாம். மே மாதத்தில் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் சூரியன் கார்த்திகையைக் கடந்துபோகும் நாட்களைத்தான் நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம், அந்தக் கூட்டம் அப்போது பகல் வானத்தில் இருக்கும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது சுமார் 440 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள், பெரியவர்கள் பலர் அந்த நட்சத்திரம்தான் சுடுகிறது என்று நம்புகிறார்கள்.

குச்சியின் நிழலை மாதம் ஒருமுறை சாக்பீஸால் குறித்துத் தேதி போட்டால் போதும், தினமும் வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.