ஓடுவோம் வாங்க: அறுபதை ஒட்டியவர்களின் கொரோனா காலக் கேள்விகள்

ஓட்டப் பந்தயம் என்றாலே ஞாயிற்றுக்கிழமைதான். 2022 ஜனவரியில் 9, 16, 23 என மூன்று ஞாயிறுகள் தமிழகத்தில் முழு ஊரடங்கில் போய்விட்டன. இதை எழுதுவது 2022 மார்ச் கடைசியில். தொற்று தணிந்து, பந்தய அறிவிப்புகள் ஒன்றொன்றாக வருகின்றன. இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி 55 வயதைக் கடந்தவர்களுடையவை. அவற்றில் சில இங்கே.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் கொரோனா வந்து மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. வீட்டிலிருந்தே குணமாகிவிட்டேன். இன்னும் ஒன்பது வாரத்தில் ஓர் அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்), பணமும் கட்டியாயிற்று. முன்பு 2 மணி 20 நிமிடத்தில் முடிப்பேன். உடனே பயிற்சியை ஆரம்பிக்கலாமா?
வாசகர், வயது 63, அடையாறு, சென்னை

ஆரம்பிக்கலாம். ஆனால் ஓட்டத்தில் அல்ல, நடையில்.

அறிகுறி தொடங்கிப் பத்து நாளாவது கழிந்திருக்க வேண்டும். அதில் கடைசி ஏழு நாள் மாத்திரை இல்லாமலே உடம்பு சரியாக இருந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். அடுத்து, மாடிப்படி ஏறுங்கள். சமதரையில் அரை கிலோமீட்டர் நடங்கள். மூச்சு வாங்காமல், சோர்ந்து போகாமல் இரண்டையும் முடித்தால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் ஆக்சிமீட்டரை எடுங்கள். உட்கார்ந்தபடி ஓர் அளவு, ஆறு நிமிடம் நடந்த கையோடு ஓர் அளவு. 94-க்குக் கீழே போனாலோ, முதல் அளவைவிட 3 புள்ளி இறங்கினாலோ மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை ஆடினாலும் கருவி தப்பாகக் காட்டும். அரை நிமிடம் விரலை அசைக்காமல் வைத்து, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

63 வயதில், லேசான தொற்றுக்குப் பிறகும் ஓர் இ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், காரணமில்லாத மூச்சிரைப்பு ஏதாவது இருந்திருந்தால் இ.சி.ஜி. மட்டும் போதாது, எக்கோ என்ற இதய ஸ்கேனும், இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். வைரஸால் இதயத் தசையில் அழற்சி வந்திருந்தால், அது ஆறுவதற்குள் ஓடும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அப்படி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சியே கூடாது.

எல்லாம் சரி என்றால் நாடித்துடிப்புக் கணக்குக்கு வருவோம். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உங்கள் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 164. அதில் 70 சதவீதம் 115, 80 சதவீதம் 131. முதல் வாரம் நடை மட்டும்: 15 நிமிடத்தில் தொடங்கி 30 வரை, துடிப்பு 115-ஐத் தாண்டாமல். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை, இப்படிப் பத்துச் சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டுச் சுற்று. துடிப்பு 131 வரை போகலாம். நான்காம் வாரக் கடைசியில் நிற்காமல் 5 கிலோமீட்டர். விளையாட்டு வீரர்களுக்கு மருத்துவர்கள் வகுத்த திட்டம் இதைவிட வேகமானது, குறைந்தபட்சம் 17 நாள்தான். அது இளவட்டங்களுக்கு. மெட்டோபுரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் துடிப்புக் கணக்கு பொருந்தாது. ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு விடாமல் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு அளவுகோல்.

கொரோனாவுக்குப் பிந்தைய சோர்வு ஓடும்போது தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் ஆளைப் படுக்கப் போடும். ஆகவே ஒவ்வொரு படியையும் இரண்டு நாள் கழித்து மதிப்பிடுங்கள். காலையில் எழுந்ததும் பார்க்கும் துடிப்பு வழக்கத்தைவிட 8, 10 கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு. சோர்வு அடித்துப்போட்டால் ஒரு வாரம் பின்னால் போய் அங்கிருந்து தொடங்க வேண்டும், வீம்பு கூடாது.

பந்தயத்துக்கு வருவோம். நான்கு வாரம் இதில் போனால் மிச்சம் ஐந்து. நீண்ட ஓட்டத்தை 7, 9, 11, 13 கிலோமீட்டர் என்று ஏற்றி, கடைசி வாரம் இறக்கினாலும் 21.1 கிலோமீட்டருக்கு அது குறைச்சல்தான். அமைப்பாளரிடம் கேட்டு 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. மாற்ற முடியாதென்றால் ஓட்டமும் நடையுமாகப் போங்கள். கால வரம்பு மூன்றரை மணி என்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 வினாடி கிடைக்கும், அது போதும். 2 மணி 20 நிமிடத்தை இந்தப் பருவத்துக்கு மறந்துவிடுங்கள்.

ஆயிரம் பேர் இரைக்க இரைக்க ஓடும் இடத்தில் தொற்று வராமல் எப்படி இருக்கும்? வீட்டில் எல்லோரும் போகாதே என்கிறார்கள்.
வாசகி, வயது 58, மதுரை

வீட்டில் பயப்படுவது நியாயம்தான், ஆனால் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். திறந்தவெளியில் ஒருவரை ஒருவர் கடந்து ஓடுவது சில நொடி. நிற்கும் இடங்களைப் பாருங்கள்: பந்தயத்துக்கு முதல் நாள் பிப் (மார்பில் குத்தும் எண் அட்டை) வாங்கும் அடைத்த கூடம், அதிகாலைப் பேருந்து, கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் தோளோடு தோள் நிற்கும் தடுப்பு, கழிப்பறை வரிசை, முடித்த பிறகு பதக்க வரிசை, அப்புறம் இட்லி, பொங்கல் பந்தல். போதாக்குறைக்குக் குழுப் புகைப்படம். அதற்காக எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார்கள்.

பெரிய பந்தயங்கள் கைவைத்ததும் இந்த இடங்களில்தான். பாஸ்டன் மாரத்தான் 2020-இல் நின்றுபோய், 2021 அக்டோபர் 11 அன்று நடந்தபோது ஆட்களை 20,000-ஆகக் குறைத்தார்கள். தடுப்பூசிச் சான்றோ நெகட்டிவ் முடிவோ கேட்டார்கள். எல்லோரும் மணிக்கணக்கில் கூடிக் காத்திருக்கும் மைதானத்தையே எடுத்துவிட்டார்கள். பேருந்தில் இறங்கியவர்கள் நேரே தொடக்கக் கோட்டுக்கு நடந்து ஓட ஆரம்பித்தார்கள். துப்பாக்கி வெடிக்கக் காத்திருந்து ஒரே கும்பலாகக் கிளம்பும் வழக்கமும் அன்று இல்லை.

உங்கள் பந்தயத்தில் அப்படி இல்லாவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். பிப்பை முதல் நாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில் வாங்குங்கள், அல்லது வேறொருவரை விட்டு வாங்கச் சொல்லுங்கள். கூடத்திலும் பேருந்திலும் வால்வு இல்லாத என்95. வால்வு வைத்தது நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாது. தடுப்புக்கு வெளியே உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பின்வரிசையில் சேருங்கள். பிப்பில் நேரத்தைப் பதியும் சிப் இருந்தால் நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் தொடங்கும். பின்னால் நிற்பதால் ஒரு வினாடியும் நஷ்டமில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்: கால வரம்பைத் துப்பாக்கி நேரத்திலிருந்து (பந்தயம் தொடங்கத் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து) எண்ணுகிறார்களா, வயதுப் பிரிவுப் பரிசை எந்த நேரத்தை வைத்துத் தருகிறார்கள்? பல இடங்களில் துப்பாக்கி நேரம்தான் கணக்கு.

தடுப்பில் நிற்கும்போது சாதாரண மூன்றடுக்கு முகக்கவசம் போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடினால் இரண்டு கிலோமீட்டரில் அது வியர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும்; காற்றும் போகாது, வடிகட்டவும் செய்யாது. கூட்டம் கலைந்ததும் கழற்றிப் பையில் போடுங்கள். ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறையில் காய்ந்த இன்னொன்று இருக்கட்டும், முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அதுதான் வேண்டும். ஒருவர் முதுகுக்கு நேர் பின்னால் ஓடாமல் சற்று விலகி ஓடுங்கள். பதக்கம் வாங்கியதும் வீடு. பொங்கலை வீட்டில் சாப்பிடுங்கள்.

முகக்கவசம் போட்டுப் பயிற்சி செய்தால் நுரையீரல் பலப்படுமாமே?
வாசகர், வயது 60, சேலம்

படாது. முகக்கவசம்தான் நனையும்.

இணையவழிப் பந்தயத்தில் 10 கிலோமீட்டர் ஓடினேன். கைப்பேசிச் செயலி 9.96 என்று காட்டியதால் சான்றிதழ் இல்லை என்றுவிட்டார்கள். பூங்காப் பலகையில் எழுதியிருக்கும் சுற்றளவுப்படி நான் ஓடியது 10-க்கு மேல். தவறு யாருடையது?
வாசகர், வயது 66, கோவை

ஜி.பி.எஸ்.-உடையது, கொஞ்சம் உங்களுடையதும்கூட. 2020 நவம்பர் 29 தில்லி அரை மாரத்தானில் முன்னணி வீரர்கள் மட்டும் நேரில் ஓடினார்கள், மற்றவர்கள் அவரவர் ஊரில் செயலியோடு. அதிலிருந்து இந்தப் புகார் வந்துகொண்டே இருக்கிறது.

ஜி.பி.எஸ். சில நொடிக்கொரு முறை புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. சிறிய பூங்காவில் வளைவுக்கு வளைவு அது குறுக்கே வெட்டுவதால் தூரம் குறையும். அடர்ந்த மரமும் உயரக் கட்டடமும் இருந்தால் புள்ளி அலையும். அப்போது தூரம் கூடவும் செய்யலாம். முறைப்படி அளந்த பந்தயப் பாதையில் இந்தச் சண்டை வராது. அளப்பதற்கென்றே கருவி பூட்டிய சைக்கிளில், ஓட இயன்ற மிகக் குறுகிய தடத்தை அளந்து, எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தே போடுவார்கள். அப்படிப் பார்த்தால் 10 கிலோமீட்டர் பாதை 10,010 மீட்டர்.

அடுத்த முறை நேரான, வானம் தெரியும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். செயலியைத் திறந்து, இருப்பிடம் பிடிபடும் வரை ஓரிரு நிமிடம் நின்றுவிட்டுப் பிறகு தொடக்கத்தை அழுத்துங்கள். கைப்பேசி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நிறுத்துங்கள்; திரை அணைந்ததும் பதிவு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தானாக நிற்கும் வசதியையும் அணையுங்கள். மெதுவாக நடக்கும் இடத்தில் ஆள் நின்றுவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். 10.1 காட்டும்வரை ஓடிவிட்டு நிறுத்துங்கள்.

மொட்டை மாடியில் ஓடிச் சமாளிக்கலாமா என்று இன்னும் மூவர் கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்குச் சரி, ஜி.பி.எஸ்.ஸுக்கு ஆகாது. 12 மீட்டருக்கு 8 மீட்டர் தடம் என்றால் ஒரு சுற்று 40 மீட்டர், 10 கிலோமீட்டருக்கு 250 சுற்று, ஆயிரம் திருப்பம். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் முட்டி வலிக்கும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள்.

தண்ணீர் மேடையில் குவளை கிடையாதாம், சொந்த பாட்டில்தானாம். நான் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு குடிக்க வேண்டும்?
வாசகர், வயது 61, திருச்சி

பொதுக்கணக்கு உங்களுக்கு உதவாது. எடை போட்டுப் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு எடை, ஒருமணி நேர ஓட்டம், வியர்வை துடைத்து மறுபடி எடை. 68.0 கிலோ 67.1 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால் வியர்த்தது 1.2 லிட்டர். அதில் பாதி அல்லது கொஞ்சம் கூட, அதாவது மணிக்கு 600 முதல் 750 மில்லி போதும். முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள் என்று பொருள். ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உங்கள் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருப்பதால் சோடியம் இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பந்தய நாளில் எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இடுப்புப் பட்டையில் 250 மில்லி பாட்டில் இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சின்ன பாட்டிலில் அப்படியே கொட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கரைசல் கெட்டியானால் வயிறு உப்பும், வாந்தி வரும். வீட்டிலேயே ஒரு லிட்டரில் கரைத்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்கு முன்கூட்டியே ஐபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதோடு உங்கள் ரத்த அழுத்த மருந்தின் இரண்டு பகுதிகளும் வியர்வையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் படுத்துவிடக்கூடும்.

கொரோனா முன்னெச்சரிக்கை ஊசியை (மூன்றாம் ஊசியை) பந்தயத்துக்கு முன் போடுவதா, பின்னா?
வாசகி, வயது 64, புதுச்சேரி

2022 மார்ச் 16-ஆம் தேதியிலிருந்து 60 வயதைக் கடந்த எல்லோருக்கும் அது கிடைத்தது. இரண்டாம் ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பந்தயத்துக்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டுவிடுங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் நடை மட்டும். காய்ச்சல் வந்தால் அது இறங்கி ஒருநாள் ஆனபிறகு ஓட்டம்.

இரண்டு வருடம் கழித்து அலமாரியிலிருந்து ஷூவை எடுத்து 4 கிலோமீட்டர் ஓடினேன். குதிகாலுக்கு மேலே நரம்பு பிடித்த மாதிரி வலி. புது ஷூ வாங்க வேண்டுமா?
வாசகர், வயது 59, நாகர்கோவில்

வாங்க வேண்டும். ஓடாமல் வைத்திருந்தாலும் ஷூவின் நுரை இறுகும், பசை விடும். கட்டைவிரலால் அடிநுரையை அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கல் மாதிரி இருந்தால் அது நடைக்குக்கூடச் சரிப்படாது.

ஆனால் வலிப்பது நரம்பு அல்ல, குதிகால் தசைநார்தான் என்று தோன்றுகிறது. மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைநார் அதைவிட மெதுவாகத்தான் தயாராகும். ஐம்பதுக்கு மேல் இந்த வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். முட்டியை நீட்டி 15, லேசாக மடக்கி 15. இப்படி மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது சிறு வலி இருக்கலாம், மறுநாள் காலையில் விறைப்பு கூடக் கூடாது. தொட்டால் வீக்கம் தெரிந்தாலோ, "டப்" என்று சத்தம் கேட்டு வலி தொடங்கியிருந்தாலோ பயிற்சி வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

69 வயதில் கடைசி ஆளாக வந்து சேர்ந்தால் கேலி செய்ய மாட்டார்களா?
வாசகர், காரைக்குடி

கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வரும், வேறு யாருக்கும் அந்த மரியாதை இல்லை. ஆனால் அதற்குள் தண்ணீர் மேடைகளை எடுத்துவிட்டிருப்பார்கள், சாலையையும் திறந்துவிட்டிருப்பார்கள். கைவசம் அரை லிட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டு, வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள்.