ஸ்கேலிங் செய்துகொண்டால் பல் ஆடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பல் துலக்கும்போது இரத்தம் வருவதாகவும், ஈறுக்கு அடியில் ஸ்கேலிங்கும் (பல்லில் கெட்டித்த படிவைச் சுரண்டி எடுப்பது) ரூட் பிளானிங்கும் (வேரின் பரப்பை வழவழப்பாக்குவது) செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்வதாகவும், அதைச் செய்தால் நல்ல பல்லும் ஆடிவிடும் என்று வீட்டில் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் தடுப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் என் மதினி. அவர் சொன்னதைக் கேட்டு மூன்று ஆண்டுகளைக் கடத்தி, மூன்று பற்களைப் பறிகொடுத்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஆகவே, இதைப் படிக்கும் மருத்துவர்கள் சொல்லில் பிழை கண்டால் திருத்தலாம், ஆனால் 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று மட்டும் கேட்க வேண்டாம்.

உங்களுக்கு இரத்தமாவது வந்து எச்சரிக்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இருபது வயதிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கட்டுக்குக் குறையாமல் பீடி குடித்தவன் நான். அம்மா மடியில் தட்டை வைத்துச் சுற்றிய பீடிதான் எங்களைப் படிக்க வைத்தது என்பதால், அதைக் குறை சொல்ல இன்றும் நாக்கு கூசுகிறது. புகை ஈறுகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே நோய் முற்றினாலும் புகைப்பவருக்கு இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதை நான் காலம் கடந்துதான் அறிந்தேன். அதுவரை, கண்ணாடியில் கெட்டியாகத் தெரிந்த என் ஈறுகளைப் பார்த்து நான் பெருமைப்பட்டதுகூட உண்டு.

2016 பொங்கலுக்கு மறுநாள், அவித்த பனங்கிழங்கைக் கடித்து நாரை இழுத்தபோது, கீழ்வரிசை முன்பல் ஒன்று கிழங்கோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து, விட்டவுடன் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. வலியே இல்லை. ஸ்கேலிங் செய்துகொள்ளலாமா என்று நான் யோசித்தபோது மதினிதான், தமக்கு அதைச் செய்த மறுவாரமே பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்து, தண்ணீர் பட்டால் கூசி, இரண்டு பற்கள் ஆடத் தொடங்கியதைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது அதுவேதான். நான் அதற்குப் பதிலாகப் பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரிடம் போனேன். ஈறு வீங்கும்போதெல்லாம் அவர் ஐந்து நாளுக்கு மாத்திரையும் வாய் கொப்பளிக்க ஒரு மருந்தும் எழுதித் தந்தார். வீக்கம் வற்றும், இரண்டு மாதத்தில் திரும்பும். மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கவில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த அந்தக் கொப்பளிப்பு மருந்தை நீண்ட நாள் பயன்படுத்தியதில் பற்கள் பழுப்பேறியதுதான் கண்ட பலன்.

2019 ஆவணியில் பாளையங்கோட்டையில் ஈறு நோய்க்கென்றே மேற்படிப்பு படித்த ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். அவர் முதலில் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளந்து, எண்களை உரக்கச் சொல்லச் சொல்ல, உதவியாளர் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்த எண்கள் கீழ்வரிசைக்கு வந்ததும் ஐந்து, ஏழு, எட்டு என்று மாறின. கணக்கு எழுதுகிறவனுக்கு எண்ணை வாசிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்று வரை இருப்பது இயல்பு, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போல ஆகியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, என் கண் அந்தப் படிவத்தின் கீழ்ப்பாதியிலேயே நின்றது. மூன்றாம் நிலை, சி தரம் என்று அடியில் எழுதினார். ஈறு நோய்களுக்கென 2018இல் வெளியான உலக வகைப்பாட்டின்படி, அழிவு எவ்வளவு என்பதை நிலையும், அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத் தரமும் குறிக்கின்றன. நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பதும், சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி, அதாவது இரத்தத்தில் இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 7 அல்லது அதற்கு மேல் இருப்பதும் ஒருவரை மிக வேகமான தரத்தில் கொண்டுபோய் நிறுத்துபவை. சர்க்கரை நோயாளியான எனக்கு அப்போது 9.1.

இனி மதினியின் கதைக்கு வருகிறேன். பற்களில் கெட்டித்துப் போகும் படிவுக்கு நாம் காரை என்று பெயர் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்பது அந்த மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டியபோதுதான் புரிந்தது. செங்கல் உதிர்ந்துபோன பழைய சுவர் காரைப் பூச்சின் பிடிமானத்தில் நின்றுகொண்டிருப்பது போல, எலும்பு கரைந்துபோன பற்கள் இந்தக் காரையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆடாமல் நிற்கின்றன. காரையை எடுத்தவுடன் ஆட்டம் வெளியே தெரிகிறது; வீங்கியிருந்த ஈறு சுருங்குவதால் இடைவெளி தெரிகிறது; மூடியிருந்த வேர் வெளியே வருவதால் கூசுகிறது. அந்தக் கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். பல்லை ஆட்டிவைத்தது ஸ்கேலிங் அல்ல, அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட எலும்பு இழப்பு. இதை மதினியிடம் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் பாதியில் சிகிச்சையை விட்டிருக்க மாட்டார், என்னையும் தடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஈறுகளில் எலும்பு இழப்பு தொடங்கிவிட்டதா, அல்லது வெறும் அழற்சிதானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. 1965இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், நலமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்தது. பற்களில் படியும் கிருமிப் படலமே காரணம் என்பது அப்படித்தான் உறுதியானது. அழற்சி மட்டும் என்றால் உங்களுக்கும் அப்படியே திரும்பிவிடும். கரைந்த எலும்பு அப்படித் திரும்பாது.

'என் தாத்தா வேப்பங்குச்சியால் துலக்கி எண்பது வயதிலும் முறுக்கு கடித்தார்' என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். என் தாத்தாவும் கடித்தார். ஆனால் அதே வீட்டில், அதே சாம்பலும் உப்பும் வைத்துத் துலக்கிய என் ஆச்சிக்கு நாற்பது வயதில் வாயில் ஒரு பல்கூட இல்லை. வெற்றிலையை உரலில் இடித்துத்தான் போடுவாள். இந்தப் புதிருக்கு விடை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது என்பதுதான் எனக்கு வியப்பு. அதே லோ, 1970 முதல் 1985 வரை, அங்கே பல் மருத்துவத்தையே காணாத, துலக்கும் பழக்கமும் இல்லாத 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்தார். எல்லோர் பல்லிலும் காரையும் படலமும் ஒரே மாதிரி அப்பிக் கிடந்தும், ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களும் போயின. 81 சதவீதம் பேருக்கு மிதமாகச் சென்றது. 11 சதவீதம் பேருக்கு அழற்சியைத் தாண்டவே இல்லை. தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். ஆய்வில் பெண்கள் இல்லை, ஆகவே ஆச்சியை அந்த எட்டில் சேர்க்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்வீர்களானால் ஒப்புக்கொள்கிறேன். தாத்தாவின் பல்லைக் காட்டி வேப்பங்குச்சிக்குச் சான்றிதழ் தர முடியாது என்பது மட்டுமே நான் சொல்ல வருவது.

சிகிச்சையைப் பற்றி அஞ்சும்படி ஒன்றுமில்லை. ஒரு முறைக்கு வாயின் கால் பகுதி என்று மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு முறையில் ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்தார். கீழ் முன்பற்கள் இரண்டையும் ஒரு கடைவாய்ப் பல்லையும் காப்பாற்ற முடியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது பெரும்பாலான ஏழுகள் நான்காகியிருந்தன. இறங்காத ஓரிடத்தில் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போட்டார். நடுவில் பீடியை விட்டேன். விட்ட சில வாரங்களில் துலக்கும்போது முதல் முறையாக இரத்தம் வந்ததைக் கண்டு பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டபோது, 'நல்லது அண்ணாச்சி, இப்போதுதான் உங்கள் ஈறு உண்மையைச் சொல்கிறது' என்றார்.

எச்பிஏ1சி 9.1இலிருந்து 7.8 ஆனது. அதை ஈறு சிகிச்சையின் கணக்கில் முழுவதும் வரவு வைக்க மாட்டேன், ஏனெனில் மாத்திரையும் மாறியது, நடைப்பயிற்சியும் தொடங்கியிருந்தேன். இதில் ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை: 2013இல் அமெரிக்காவில் 514 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட தொகுப்போ, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைவதாகக் காட்டியது. சர்க்கரை ஈறைக் கெடுக்கும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும், ஒன்பது ஆண்டுகள் நான் போய்வந்த சர்க்கரை மருத்துவரிடம் என் பாதத்தைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னவர் ஒருவருமில்லை. காப்பீட்டுக்காரர்களோ, பல் என்றவுடன் ஏதோ முகப்பூச்சுக்குச் செலவு கேட்டவனைப் போலப் பார்த்து என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இது உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாத புலம்பல் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு முறைக்கும் தையலுக்கும் கைக்காசு கொடுத்தவனின் வயிற்றெரிச்சல் அது.

ஆகவே ஸ்கேலிங்குக்குப் போங்கள். போகும்போது, தொடங்கும் முன் ஆழத்தை அளந்து எழுதிய படிவத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்களா என்றும் கேளுங்கள். என் நகல் வீட்டில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. கீழ்வலது கடைவாயில் ஓரிடம் இன்னும் ஐந்திலேயே நிற்கிறது. அடுத்த அளவெடுப்பு தை மாதம், இந்த முறை மதினியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.