ஏழு வருஷ செக்ஷன்னா உடனே கைதா? பெயிலே கிடைக்காதா?

கேள்வி: வரப்புத் தகராறுல என் வீட்டுக்காரர் பக்கத்து வயல்காரரைக் கையால பிடிச்சுத் தள்ளிட்டார், கீழ விழுந்ததுல அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு. பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 117(2)-ல எஃப்.ஐ.ஆர். போட்டிருக்காங்க. ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தர், "ஏழு வருஷ கேஸ், பெயில் கிடையாது, 40 ஆயிரம் குடுங்க, முன்ஜாமீன் எடுத்து செக்ஷனையும் குறைச்சுத் தர்றேன்"ங்கிறார். நகையை அடகு வைக்கலாமா சார்?

பதில்: வைக்காதீங்க சகோதரி. அந்த ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க.

போலீஸ் வாரண்ட் இல்லாம பிடிக்கலாமா, பெயில் உரிமையா கிடைக்குமா, அதிகபட்ச தண்டனை எவ்வளவு, இந்த மூணும் வேற வேற. 2024 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்குற பி.என்.எஸ்.எஸ். (கைது, ஜாமீன், விசாரணை நடைமுறை பத்தின) சட்டத்தோட முதல் அட்டவணையில ஒவ்வொரு செக்ஷனுக்கும் இதைத் தனித்தனி கட்டத்துல போட்டிருக்காங்க. 117(2)-க்கு என்ன இருக்குன்னா, வாரண்ட் இல்லாம பிடிக்கலாம், ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை, ஆனா ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். அதாவது பெயில் உங்க உரிமை, ஸ்டேஷன்லயே விட்டாகணும். ஜாமீன்தாரர் கொண்டுவர உங்க வீட்டுக்காரருக்கு வசதியில்லைன்னா சொந்தப் பிணையிலயே விடணும், ஒரு வாரமாகியும் ஆள் கொண்டுவர முடியலைன்னா அவர் வசதியில்லாதவர்னே எடுத்துக்கணும்னு சட்டம் சொல்லுது.

முன்ஜாமீன் கதைதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம். முன்ஜாமீன்ங்கிறது ஜாமீன்ல விடமுடியாத குற்றத்துக்கு மட்டும்தான், பி.என்.எஸ்.எஸ். 482-வது பிரிவுலயே அப்படித்தான் இருக்கு, உங்க செக்ஷனுக்கு மனு போட்டா நிக்காது, இது தெரிஞ்சேதான் காசு கேக்குறாங்க. செக்ஷன் குறைக்கிறதும் அவங்க கையில இல்ல. விசாரணை அதிகாரி காயச் சான்றிதழைப் பார்த்து ஆல்டரேஷன் ரிப்போர்ட் (செக்ஷனை மாத்துற அறிக்கை) எழுதி கோர்ட்டுக்கு அனுப்பணும், எக்ஸ்-ரேயில முறிவு இருக்கிற வரைக்கும் அது கொடுங்காயம்தான், யாருக்குக் காசு குடுத்தாலும் எலும்பு முறிவு இல்லைன்னு ஆயிடாது.

கைது பத்தி. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல கைது அவசியம்தான்னு போலீஸ் காரணம் எழுதிக் காட்டணும், இல்லைன்னா பி.என்.எஸ்.எஸ். 35(3)-படி நோட்டீஸ் குடுத்து விசாரணைக்குக் கூப்பிடணும். 2014-ல அர்னேஷ் குமார் வழக்குலயே உச்ச நீதிமன்றம் இதைக் கறாரா சொல்லிடுச்சு. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் இதை ஸ்டேஷன் வாசல்ல தமிழ்ல ஒரு போர்டுல எழுதி வைக்க யாருக்கும் மனசு வரல, அதனாலதான் இந்த வியாபாரம் ஓடுது. நோட்டீஸ் வாட்ஸ்அப்ல வந்தா அது முறையான நோட்டீஸ் இல்ல, நேர்ல கையில குடுக்கணும். குடுத்துட்டாங்கன்னா உங்க வீட்டுக்காரர் கண்டிப்பா போகணும், ஊரை விட்டு ஓடுறது, போனை ஆஃப் பண்றது எல்லாம் வேண்டாம், போகலைன்னா அதுவே கைதுக்குக் காரணம் ஆயிடும்.

இப்ப ஒரு விஷயம் மட்டும் நிதானமா படிங்க. எதிர்த்தரப்பு இன்னொரு வாக்குமூலம் குடுத்து, "கையால தள்ளல, இரும்பு ராடால அடிச்சார்"னு சேர்த்தாங்கன்னா கேஸ் 118(2)-க்குப் போயிடும், அது ஒரு வருஷம் குறைந்தபட்சம், பத்து வருஷமோ ஆயுளோ வரைக்கும் போகலாம், ஜாமீன்ல விடமுடியாதது. இதுலயே இன்னொரு கூத்து பாருங்க, ஆயுதத்தால சாதாரண காயம்னா 118(1), அதுக்கு மூணு வருஷம்தான், ஆனா அதுவும் ஜாமீன்ல விடமுடியாதது. ஏழு வருஷ செக்ஷன்ல பெயில் உரிமை, மூணு வருஷ செக்ஷன்ல கிடையாது. அதனாலதான் வருஷத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீங்கங்கிறேன். எஃப்.ஐ.ஆர். காப்பியைத் தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல எடுத்து, ஆயுதம்னு எங்கேயாவது எழுதியிருக்கான்னு வரி வரியா பாருங்க. அடிபட்டவர் ஜி.எச்.ல அட்மிட் ஆனப்ப எழுதின ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில காயம் எப்படி பட்டுச்சுன்னு அவரே என்ன சொன்னார்னு இருக்கும், "கீழே தள்ளியதால்"னு அதுல இருந்தா பின்னாடி ராடு முளைச்சாலும் கோர்ட்டுல கேள்வி கேட்க முடியும். ராடு வந்துட்டா மட்டும் அன்னிக்கே வக்கீலைப் பாருங்க, முன்ஜாமீனுக்கு அப்பதான் வேலை.

ஏழு வருஷம்ங்கிறது உச்ச வரம்பு. 117(2)-க்குக் குறைந்தபட்சம்னு எதுவும் இல்ல, கேஸ் நடக்கப்போறது மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல, முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் மூணு வருஷத்துக்கு மேல தண்டனையே குடுக்க முடியாது, அதுக்கு மேல வேணும்னா சி.ஜே.எம்.க்குத்தான் (தலைமை மாஜிஸ்ட்ரேட்) அனுப்பணும். முதல் குற்றம்னா நன்னடத்தையில விடவும் வழி இருக்கு. வரப்புக்காரரோட சமரசமும் பண்ணிக்கலாம், ஆனா டீக்கடையில வச்சு ஒரு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி "முடிஞ்சுபோச்சு"ன்னு சொல்ற ஆளுங்களை நம்பாதீங்க, கோர்ட்டுல பதிவாகாத சமரசம் கேஸை மூடாது, பணம் மட்டும் போயிடும்.

வக்கீலுக்குக் காசில்லைன்னா உங்க தாலுகா கோர்ட்டுலயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்குப் போன் பண்ணியும் கேக்கலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர். காப்பி, நோட்டீஸ் வந்திருந்தா அது, வரப்புக்கான பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (வயலோட அளவு வரைபடம்) எல்லாத்தையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, ஒரிஜினலை யார் கையிலயும் குடுக்காதீங்க.