கிந்தாவின் தலைமையகம் ஏன் பத்து காஜா?

கேள்வி: ஈப்போ அவ்வளவு பெரிய நகரமாக இருந்தும் கிந்தா மாவட்டத்தின் தலைமையகம் எங்கள் பத்து காஜாவில் இருப்பது ஏன்? தோட்டத்து மக்கள் எதற்கெடுத்தாலும் இங்குள்ள கோர்ட்டுக்கு வந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர் ஒருவர், பத்து காஜா

பதில்: ஈயம் தோண்டிய காலத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்குக்கு ஆறுதான் பெருவழி. தோண்டியெடுத்த ஈயம் படகேறிக் கிந்தா ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றோடு சேர்ந்து, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சன் துறைமுகத்தை அடைந்தது. அந்த ஆற்றுவழியில், வெள்ளத்துக்கு எட்டாத மேட்டு நிலத்தோடு அமைந்திருந்த ஊர் பத்து காஜா. அரசு அலுவலகம், மருத்துவமனை, சிறை எல்லாம் அங்கே எழும்பின. 1890களில் ரயில் வந்தபின் ஈப்போ வேகமாக வளர்ந்து 1937இல் தைப்பிங்கிடமிருந்து மாநிலத் தலைநகர் என்னும் தகுதியையும் பெற்றுக்கொண்டது; மாவட்டத் தலைமையகமோ இடம் மாறவில்லை. பேராக்கில் இது புதுமையும் அன்று. சுல்தானின் அரச நகர் கோலகங்சார், மாநில அரசு ஈப்போவில், கிந்தாவுக்குப் பத்து காஜா. நிலப் பதிவேடுகள் ஒரு முறை குடியேறிவிட்ட ஊரைவிட்டு அவற்றைக் கிளப்புவது எளிதன்று என்பது என் எண்ணம்.

கோர்ட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அன்றைய மாவட்ட அதிகாரியின் பதவிப் பெயரே ‘கலெக்டரும் மாஜிஸ்திரேட்டும்’ என்பதுதான். நிலம் வழங்குபவர், வரி வாங்குபவர், வழக்குக் கேட்பவர் எல்லாம் ஒரே துரை. ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர் தோட்டத்தைவிட்டு ஓடினாலோ வேலைக்கு வர மறுத்தாலோ, அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சிவில் தகராறாக அல்லாமல், அபராதமும் சிறையும் விதிக்கத்தக்க குற்றமாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. தோட்ட நிர்வாகி புகார் கொடுப்பார். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். துரை அதைக் கேட்டுத் தீர்ப்பெழுதுவார். ஆக, அந்த மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்ட ஒரு சொல்கூட ஒருவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடும். ஒப்பந்த முறையில் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுவருவது 1910இல் நிறுத்தப்பட்டது.

பத்து காஜா சிறைக்கு இன்னொரு நினைவும் உண்டு. ஜப்பானியர் காலத்தில், பாப்பான் ஊரில் கெரில்லாப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசு 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அவர் அடைபட்டிருந்தது இங்கேதான்.

கேள்வி: பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச்சைக் கொன்ற வழக்கும் பத்து காஜாவில் நடந்ததா?
– அதே வாசகர்

பதில்: இல்லை. 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில், சுல்தானுக்கு ஆலோசகராக பிரிட்டிஷார் அமர்த்தியிருந்த பர்ச் கொல்லப்பட்டார். கொலைக்குக் குற்றம்சாட்டப்பட்ட மலாய்த் தலைவர் டத்தோ மகாராஜா லேலாவின் மீதான விசாரணை 1876 டிசம்பரில் லாருட் வட்டாரத்தைச் சேர்ந்த மாத்தாங்கில் நடைபெற்றது. நீதிமன்றமாகப் பயன்பட்டது லாருட் தலைவர் ஙா இப்ராகிமின் கோட்டை வீடு. 1877 ஜனவரி 20ஆம் நாள் மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் பண்டாக் இண்டுட்டும் தூக்கிலிடப்பட்டனர். இதில் வேடிக்கை என்னவென்றால், கொலைக்கு உடந்தை என்று கூறி வீட்டுக்காரரான ஙா இப்ராகிமையே பேராக் சுல்தான் அப்துல்லாவோடு சேர்த்து சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தினர். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தைப்பிங்கிலிருந்து கோல செப்பாத்தாங் போகும் சாலையில் இருக்கிறது.